பத்து மைலுக்கு அப்பால்: இங்கிலாந்தின் நாட்டுப்புறக் கடிகாரங்களைத் தேடி

வெள்ளி, லண்டன்

லண்டன் கடிகாரத் தொழிலாளர் சங்கத்துக்கு 1631இல் முதலாம் சார்லஸ் மன்னர் பட்டயம் கொடுத்தபோது, அதன் அதிகார எல்லையையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தார்: லண்டன் நகரமும் அதைச் சுற்றிப் பத்து மைலும். அந்த வட்டத்துக்குள் யார் கடை போடலாம், எத்தனை பையன்களைத் தொழில் பழக்க வைத்துக்கொள்ளலாம், எந்தச் சரக்கை மட்டம் என்று உடைத்துப் போடலாம் என்பதெல்லாம் சங்கத்தின் கையில். பத்து மைலைத் தாண்டிவிட்டால் அந்தச் சங்கம் கேட்க முடியாது. கொல்லர் செய்தார், பூட்டுக்காரர் செய்தார், தச்சர் செய்தார், வயல் வேலை குறைந்த மாதங்களில் விவசாயியும் செய்தார். நான் பார்க்க வந்திருப்பது அப்படி ஊர்ப்புறத்தில் பிறந்த ஆளுயரக் கடிகாரங்களை. பழைய பங்களாக்களிலும் சினிமாக்களிலும் நீங்கள் பார்த்திருக்கும் கிராண்ட்ஃபாதர் கிளாக்தான். ஆனால் பங்களாவுக்கு அல்ல, பண்ணை வீட்டுச் சமையலறைக்காகச் செய்தது.

இருந்தாலும் லண்டனில்தான் தொடங்க வேண்டும். அந்தச் சங்கத்தின் அருங்காட்சியகம் 1814இல் ஆரம்பித்தது. 2015 முதல் சவுத் கென்சிங்டனில் சயன்ஸ் மியூசியம் கட்டடத்துக்குள் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவே நின்றால் இந்தக் கடிகாரம் ஏன் இத்தனை உயரம் என்பது புரிந்துவிடும். ஹாலந்தில் ஹைகன்ஸ் 1656இல் கடிகாரத்துக்குப் பெண்டுலம் வைத்தார். அடுத்த வருடமே லண்டன் கடிகாரக்காரர் ஃப்ரோமன்டீலின் மகன் அங்கே போய் வேலை பார்த்தான். 1658இல் அப்பா லண்டனில் விளம்பரம் கொடுத்துவிட்டார். ஆனால் அந்தக் காலப் பெண்டுலம் குட்டையானது, இரண்டு பக்கமும் ரொம்ப அகலமாக ஆடும். 1670 வாக்கில் நங்கூர வடிவத்தில் ஒரு இரும்புத் துண்டு வந்து எல்லாவற்றையும் மாற்றியது. சக்கரத்தின் பல்லை ஒரு கை பிடிக்க, மறு கை விட, பெண்டுலம் சில டிகிரி மட்டுமே அசைந்தால் போதும் என்றாகிவிட்டது. அப்போது பெண்டுலத்தை நீளமாக, கனமாக வைக்கலாம். சரியாக ஒரு நொடிக்கு ஒரு வீச்சு வேண்டுமென்றால் ஏறக்குறைய 99.4 சென்டிமீட்டர் நீளம். அதையும், கீழே இறங்கும் எடைக் கட்டிகளையும் தூசியிலிருந்தும் குழந்தைகளின் கையிலிருந்தும் காப்பாற்ற ஒரு ஒடுங்கலான மரப்பெட்டி. அவ்வளவுதான் ஆளுயரக் கடிகாரம். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் தப்புவது வழக்கமாக இருந்த இடத்தில், பத்துப் பதினைந்து நொடி தப்பினாலே பேச்சு என்று ஆனது ஒரே தலைமுறையில்.

இங்கே தாமஸ் டாம்பியன் பெயருக்குத்தான் கூட்டம். 1713இல் இறந்து வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கமானவர். லண்டன் கடிகாரத்தின் உச்சம். அவரே பெட்ஃபர்ட்ஷயர் கொல்லர் வீட்டுப் பிள்ளை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நான் அதிக நேரம் நின்றது வேறொரு பெட்டி முன்னால். டாம்பியன் இறந்த அதே 1713இல், லிங்கன்ஷயரில் பாரோ என்ற ஊரில் இருபது வயதுத் தச்சுப் பையன் ஒருவன் மரச் சக்கரங்களால் ஒரு கடிகாரம் செய்து முடித்து, பெயரும் வருடமும் போட்டான். பிற்காலத்தில் கடலில் தீர்க்கரேகை கண்டுபிடிக்கக் கடிகாரம் செய்து உலகப் புகழ் பெற்ற ஜான் ஹாரிசன்தான் அவன். அவனுடைய இன்னொரு கடிகாரம் யார்க்‌ஷயரில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் ஊர் திரும்பப் போவதில்லை.

சனி, பெல்மான்ட்

கென்ட் மாவட்டத்தில் ஃபேவர்ஷம் வரை ரயில், அப்புறம் டாக்சி. பெல்மான்ட் ஒரு பிரபுவின் மாளிகை. 300க்கும் மேற்பட்ட கடிகாரங்கள் இங்கே இருக்கின்றன. சேர்த்தவர் ஐந்தாம் ஹாரிஸ் பிரபு.

ஹாரிஸ் என்ற பெயர் சென்னைக்காரர்களுக்குப் புதிதல்ல. புதுப்பேட்டையில் ஆதித்தனார் சாலைக்குப் பழைய பெயர் ஹாரிஸ் சாலை. இந்த வீட்டை 1801இல் வாங்கிய முதல் ஹாரிஸ்தான், 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு சுல்தான் மடிந்தபோது முற்றுகையிட்ட படைக்குத் தலைமை வகித்தவர். வெற்றிப் பணத்தில் அவருக்குக் கிடைத்த பங்குதான் இந்த வீடு. அவருடைய பேரன், மூன்றாம் பிரபு, 1854 முதல் 1859 வரை மதராஸ் கவர்னர். கடிகாரம் பார்க்க வந்த இடத்தில் மனம் கொஞ்ச நேரம் காவிரிக் கரைக்குப் போய்விட்டது. போகாமல் இருக்க முடியவில்லை.

கடிகாரங்கள் அருமை. ஆனால் இங்கே இருப்பவை பெரும்பாலும் பணம் படைத்தவர்கள் பணம் படைத்தவர்களுக்காகச் செய்வித்தவை. எனக்கு இங்கே பிடிபட்டது வேறு ஒரு சங்கதி. ஜெனரல் ஹாரிஸ் மதராஸில் இருந்த 1797இல், பிரான்சோடு நடந்த போருக்குப் பணம் திரட்டப் பிரதமர் பிட் கடிகாரங்களுக்கு வரி போட்டார். வீட்டில் மாட்டியோ நிறுத்தியோ வைத்திருக்கும் ஒவ்வொரு கடிகாரத்துக்கும் வருடத்துக்கு 5 ஷில்லிங். மாளிகைக்காரருக்கு அது ஒன்றுமில்லை. கிராமத்தில் ஒரே ஒரு கடிகாரம் வைத்திருந்த குடும்பம் யோசித்தது. புதிதாக வாங்க நினைத்தவர் தள்ளிப்போட்டார். தொழிலாளிகளுக்கு வேலை போனது. நாடெங்கும் மனு மேல் மனு. அடுத்த வருடமே வரியை எடுத்துவிட்டார்கள். ஏழை வீட்டுக் கூடத்திலும் கடிகாரம் நிற்கத் தொடங்கிவிட்டிருந்தது என்பதற்கு அந்த வரியைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஞாயிறு, அடர்பரி

ஆக்ஸ்ஃபர்ட்ஷயரின் வடக்கு ஓரம். வீடுகள் எல்லாம் இரும்புச் சத்து ஏறிய தேன் நிறக் கல். ஊர் ஓரத்தில் 1675இல் கட்டிய குவேக்கர் கூடம் இன்னும் நிற்கிறது: சின்னச் சன்னல், கல் சுவர், அலங்காரம் என்று ஒன்றுமே இல்லை.

குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பாதிரியார் இல்லாமல், பாட்டு இல்லாமல், மௌனமாக உட்கார்ந்து வழிபட்டவர்கள். உடையிலும் பேச்சிலும் பகட்டைத் தவிர்த்தார்கள். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அவர்களுக்குள்ளேயே ஒரு கடிகாரத் தொழில் மரபு வளர்ந்தது. சிப்ஃபர்ட், அடர்பரி ஊர்களின் கில்க்ஸ் குடும்பம் அதில் பெயர் பெற்றது. தகப்பனிடம் மகன், மாமனிடம் மருமகன், குவேக்கரிடம் குவேக்கர் பிள்ளை என்று தொழில் கைமாறியது.

பக்கத்து ஊர் பழம்பொருள் கடையில் அப்படி ஒன்றைத் தொட்டுப் பார்க்கக் கிடைத்தது. ஒரே ஒரு முள். நிமிட முள்ளே கிடையாது. எண் வளையத்தில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையே நான்கு பிரிவுகள். அதாவது முள்ளைப் பார்த்துக் கால் மணி வரை சொல்லலாம், பழகிய கண் இன்னும் நெருக்கமாகவும் சொல்லும். லண்டனில் இரண்டு முள் வந்து நிலைத்த பிறகும், நூறு வருடம் போல கிராமங்களில் ஒற்றை முள் கடிகாரம் செய்துகொண்டே இருந்தார்கள். பால் கறக்கவும் சந்தைக்குக் கிளம்பவும் கால் மணிக் கணக்கு போதாதா?

முகப்பின் நடுவில் வட்டங்களும் வளைந்து வளைந்து போகும் கோடுகளுமாக ஒரு செதுக்கல். இந்த வட்டாரத்துக் குவேக்கர் கடிகாரங்களின் அடையாளமே அதுதான். தேவதைத் தலை இல்லை, கிரீடம் இல்லை, இலை கொடி இல்லை. ஆனால் அலங்காரமே வேண்டாம் என்ற மனிதர்கூட வெறும் பித்தளையை அப்படியே விட்டுவிட மனம் வராமல் உளியை எடுத்திருக்கிறார். அந்தக் கோடுகளை விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு வட்டம் லேசாக விலகி இருக்கிறது. கையால் போட்டது என்பது தெரிகிறது.

உள்ளே இயந்திரம் நான்கு மூலைத் தூண்களுக்கு நடுவே நிற்கிறது. பறவைக் கூண்டு என்பார்கள். லாந்தர் கடிகாரம் என்ற பழைய வகையின் கட்டமைப்பு அது. லண்டன் அதை ஆளுயரக் கடிகாரத்தில் கைவிட்ட பிறகும் இங்கே விடவில்லை. கொல்லருக்குப் புரிந்த கட்டமைப்பு. எது கெட்டாலும் ஊருக்குள்ளேயே சரிசெய்துகொள்ளலாம். இதைப் பின்தங்கிய வேலை என்று எழுதியிருப்பதைப் படித்திருக்கிறேன். எனக்கு ஒப்புதல் இல்லை. வாங்குபவரின் வாழ்க்கையைத் தெரிந்து செய்த வேலை இது.

திங்கள், வடக்கே போகும் வழி

ரயில், மழை, இன்னொரு ரயில். வழியில் லெஸ்டர்ஷயரைக் கடக்கும்போது பார்ட்டன் இன் த பீன்ஸ் என்ற குக்கிராமத்தை நினைத்துக்கொண்டேன். சாமுவேல் டீக்கன் என்ற பாப்டிஸ்ட் பிரசங்கியார் அங்கே 1771இல் கடிகாரப் பட்டறை போட்டார். அவர் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் 20ஆம் நூற்றாண்டு வரை அதை நடத்தினார்கள். அரம், கடைசல் எந்திரம், கணக்குப் புத்தகம் என்று பட்டறையின் சாமான்கள் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பிழைத்தன. ஞாயிற்றுக்கிழமை வேதம், மற்ற நாள் பல்சக்கரம். நாட்டுப்புறக் கடிகாரக்காரர் யாரும் கடிகாரம் மட்டும் செய்து பிழைத்ததில்லை. கோயில் கோபுரக் கடிகாரத்துக்கு வருடக் கூலிக்கு எண்ணெய் போடுவது, இறைச்சி சுடும் கம்பியைச் சுற்றும் எந்திரத்தைப் பழுது பார்ப்பது, பூட்டுக்குச் சாவி வெட்டுவது எல்லாம் உண்டு.

செவ்வாய், ஹாலிஃபாக்ஸ் அருகே ஒரு பட்டறை

எழுபதைத் தாண்டிய அம்மையார் ஒருவர். வீட்டின் பின்கட்டில் பட்டறை. நாற்பது வருடத்துக்கு மேல் இந்தக் கடிகாரங்களைப் பிரித்து, கழுவி, பூட்டுவதுதான் தொழில். பெயர் போட வேண்டாம் என்றார். "வந்ததும் கேள்வி கேட்காதீர்கள், முதலில் இதைப் பிரியுங்கள்" என்று ஒரு எட்டு நாள் இயந்திரத்தை மேசையில் வைத்தார்.

இரண்டு பித்தளைத் தகடு, நடுவே தூண்கள், தூணைப் பூட்ட மெல்லிய ஊசிகள். திருகாணி அதிகம் இல்லை. ஊசிகளைப் பிடுங்கினால் மேல் தகடு எழுந்து வருகிறது. சக்கரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பல்லை எண்ணச் சொன்னார். பெரிய சக்கரம் 96 பல். அது சுற்றும் குட்டிச் சக்கரத்துக்கு 8 பல். அதனால் பெரியது பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்று, நடுச் சக்கரம் மணிக்கு ஒரு சுற்று. நடுச் சக்கரம் 60 பல், அடுத்த குட்டி 8. மூன்றாவது 56, அடுத்த குட்டி 7. பெருக்கிப் பார்த்தால் சரியாக 60 வருகிறது. கடைசிச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு சுற்று. அதற்கு 30 பல். நங்கூரம் ஒவ்வொரு பல்லையும் இரண்டு முறை தொடுவதால் நிமிடத்துக்கு 60 டிக். அந்தச் சக்கரத்தின் அச்சிலேயே நொடி முள்ளை மாட்டிவிடலாம், தனியாக எதுவும் வேண்டாம். எடையைத் தாங்கும் கயிறு உருளையில் பதினாறு சுற்று. ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் எட்டு நாள். வாரம் ஒரு முறை சாவி கொடுத்தால் போதும், மறந்தாலும் ஒரு நாள் கையிருப்பு. அந்த எண்களை மேசையில் எழுதிப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. இது தனி ஒருவரின் மூளை அல்ல. தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய கணக்கு. அதைப் பயன்படுத்திய கிராமத்துக் கைகளுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

பிறகு தகட்டின் பின்பக்கத்தைக் காட்டினார். முன்பக்கம் அரம் போட்டு மழமழவென்று இருக்கிறது. பின்பக்கத்தில் மணல் அச்சில் வார்த்த சொரசொரப்பு அப்படியே. கண்ணில் படாத இடத்தில் உழைப்பை வீணாக்கவில்லை. பித்தளையை வார்த்த பிறகு சுத்தியலால் அடித்து இறுக்கினால்தான் தேயாமல் உழைக்கும். அந்த அடித் தடங்களும் தெரிந்தன. அதாவது சிக்கனம் எங்கே, சிக்கனம் கூடாதது எங்கே என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அப்புறம் டார்ச் அடித்துத் தகட்டின் ஓரத்தைப் பார்க்கச் சொன்னார். ஊசியால் கீறிய எழுத்துகள். ஒரு பெயரின் பாதி, ஒரு மாதம், ஒரு வருடம். கீழே வேறு கையெழுத்தில் இன்னொன்று. இருநூறு வருடமாக இதைச் சுத்தம் செய்தவர்கள் எல்லாம் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் போட்டுவிட்டுப் போன ஒப்பம். "முகப்பில் பெரிதாகப் பெயர் இருக்கிறதே, அவர் விற்றவர். செய்தவராகவும் இருந்திருக்கலாம், இல்லாமலும் போகலாம்" என்றார். மூலை அலங்காரத்தை வார்ப்படக்காரர் வார்த்தார், முகப்பைச் செதுக்கியவர் வேறு, மணியை ஊற்றியவர் வேறு, பெட்டி செய்த தச்சர் வேறு. தச்சரின் பெயர் பெரும்பாலும் எங்கேயும் இல்லை. லங்காஷயரின் பிரெஸ்கட் பக்கம் வீடு வீடாகக் கருவிகளும் உதிரி பாகங்களும் செய்து நாடெங்கும் அனுப்பினார்கள். கிராமத்துக் கடிகாரக்காரர் வாங்கியதை வாங்கி, அரம் போட்டு, பொருத்தி, ஓட வைத்து, தன் பெயரை எழுதினார். அதனால் அவர் மதிப்புக் குறைவதில்லை. அந்த ஊரில் பத்து மைல் நடந்து வந்து நின்றுபோன கடிகாரத்தை மறுபடி ஓட வைப்பவர் அவர்தானே.

புதன், அதே பட்டறை

இன்று முகப்பும் பெட்டியும்.

பழைய முகப்பு பித்தளை. எண் வளையம் மட்டும் வெள்ளி போல மின்னும். ஆனால் மின்சாரத்தில் ஏற்றிய முலாம் அல்ல. பித்தளையை நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்து, வெள்ளி உப்பையும் சாதாரண உப்பையும் குழைத்த விழுதை ஈரத் துணியில் தொட்டு வட்டமாகத் தேய்க்க வேண்டும். வெள்ளி அப்படியே பித்தளையின் மேல் படிகிறது. அம்மையார் ஒரு சின்னத் துண்டில் செய்து காட்டினார். முதலில் அழுக்குச் சாம்பல் நிறம். அதன் மேல் க்ரீம் ஆஃப் டார்ட்டர் என்ற வெள்ளைப் பொடியைத் தேய்த்ததும் பாலேடு நிறத்துக்கு வெளுத்தது. எண்கள் ஆழமாகச் செதுக்கிய பள்ளங்கள். அதில் கறுப்பு மெழுகை உருக்கி ஊற்றி, ஆறிய பின் மட்டமாகத் தேய்த்துவிடுவார்கள்.

1772இல் பர்மிங்காமில் ஆஸ்போர்னும் வில்சனும் இரும்புத் தகட்டில் வெள்ளை வண்ணம் பூசிச் சூளையில் சுட்ட முகப்பை விற்க ஆரம்பித்தார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தூரத்திலிருந்தே மணி தெரிந்தது. விலையும் குறைவு. முப்பது வருடத்துக்குள் கிராமப்புறத்தில் பித்தளை முகப்பு மறைந்தே போனது. மூலைகளில் ரோஜா, ஸ்ட்ராபெரி, சிட்டுக்குருவி, நான்கு பருவங்கள். வரைந்தவர்களின் பெயரும் தெரியாது. சேகரிப்பவர்களில் சிலர் இவற்றைத் தொழிற்சாலைச் சரக்கு என்று ஒதுக்குவார்கள். அம்மையார் எடுத்துக்காட்டிய ஸ்ட்ராபெரிக் கொத்தில் ஒரே ஒரு பழம் மட்டும் பழுக்காமல் வெளிர் பச்சையாக இருந்தது. நாளெல்லாம் ஸ்ட்ராபெரி வரைந்து அலுத்த கை ஒன்று, யாரும் சொல்லாமல் தானாகச் செய்த காரியம். அதை எந்த ஒதுக்கலிலும் சேர்க்க என்னால் முடியாது.

சுவாரசியமான ஒன்று: சில முகப்புகளில் சாவித் துவாரம் இரண்டு இருக்கும், பின்னால் ஒன்றுமே இருக்காது. முப்பது மணி நேரக் கடிகாரம் விலை மலிவு. ஒரே எடை, தினமும் சங்கிலியைப் பிடித்து இழுக்க வேண்டும், சாவியே கிடையாது. எட்டு நாள் கடிகாரம் வசதியின் அடையாளம். அதனால் முப்பது மணி நேரக் கடிகாரத்துக்கும் பொய்த் துவாரம் வரைந்து கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்த விருந்தாளிக்குத் தெரியாது அல்லவா.

பெட்டிக்கு வந்தால் இங்கிலாந்து முழுவதும் கிராமத்து மரம் ஓக். கட்டையைக் கால் பகுதியாகப் பிளந்து, ஆரத்தின் திசையில் பலகை அறுத்தால் பட்டுப் போல வெள்ளி வரிகள் ஓடும். அப்படி அறுத்தால் மரம் வீணாகும், ஆனால் பலகை கோணாது. நல்ல தச்சர் கதவுக்கு மட்டும் அந்தப் பலகையை வைத்துவிட்டு, முதுகுக்குக் கிடைத்ததைப் போட்டிருக்கிறார். அடிப்பாதம் பல பெட்டிகளில் இல்லை. ஈரமான கல் தரையில் உளுத்துப்போய் அறுத்து எடுத்திருக்கிறார்கள். தலைப்பக்கத்து உருண்டைகளும் இல்லை; கூரை தாழ்வு. வீட்டுக்குத் தக்கபடி கடிகாரத்தை வெட்டிக்கொண்ட தடங்கள் இவை. ஏலக்காரர் இதைக் குறை என்று எழுதுவார். எனக்கு அந்த அறுத்த கால்கள்தான் அந்த வீட்டைக் காட்டுகின்றன.

இன்னும் ஒன்று கற்றுக்கொண்டேன். நல்ல கடிகாரம் வாரத்தின் நடுவில் காரணமில்லாமல் நின்றால், பேயும் இல்லை பிசாசும் இல்லை. எடைக் கட்டி மெல்ல இறங்கிப் பெண்டுலக் குண்டின் மட்டத்துக்கு வரும்போது, பெட்டி சுவரோடு இறுகப் பிடித்திருக்காவிட்டால் லேசாக ஆடும். எடையும் கூடவே ஆடத் தொடங்கிப் பெண்டுலத்தின் பலத்தைத் தின்றுவிடும். முதுகுப் பலகை வழியாகச் சுவரில் ஒரு திருகாணி போட்டால் தீர்ந்தது.

வியாழன், ஹாலிஃபாக்ஸ்

1779இல் திறந்த துணிச் சந்தைக் கூடம் இந்த ஊரின் பெருமை. பெரிய சதுர முற்றம், நான்கு பக்கமும் மாடம் மாடமாக அறைகள். மலைக் கிராமங்களில் வீட்டுத் தறியில் நெய்தவர்கள் துணியைக் கொண்டுவந்து விற்ற இடம். நெசவுக் காசு கையில் புழங்கியதால்தான் இந்தப் பள்ளத்தாக்குகளில் இத்தனை கடிகாரங்கள்.

ஹாலிஃபாக்ஸ் நிலா என்று கடிகார உலகில் ஒரு பெயர் உண்டு. முகப்பில் காசு அளவு வட்டமான சன்னல். அதற்குப் பின்னால் நிலவின் முகம் வளர்ந்து தேயும். தாமஸ் ஆக்டன் என்ற உள்ளூர்க் கடிகாரக்காரர் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். இதைவிடப் பரவலான வகையில் முகப்பின் மேல் வளைவுக்குள் பெரிய தட்டு ஒன்று சுழலும். அதில் இரண்டு நிலா, விளிம்பில் 118 பல். இருபத்தொன்பதரை நாள் கொண்ட நிலா மாதத்தை இரண்டால் பெருக்கினால் 59, அதையும் இரண்டால் பெருக்கினால் 118. அரை நாளுக்கு ஒரு பல் நகரும். இது அழகுக்காக மட்டும் வைத்ததல்ல. தெருவிளக்கு இல்லாத காலத்தில் மலைப்பாதையில் சந்தையிலிருந்து வீடு திரும்ப வேண்டியவனுக்கு இன்றைக்கு எத்தனை மணிவரை நிலா இருக்கும் என்பது மணியைவிட முக்கியம்.

வெள்ளி, நாஸ்டெல்

வேக்ஃபீல்டிலிருந்து பக்கம். ஹாரிசன் பிறந்த ஃபவுல்பி இந்த மாளிகையிலிருந்து கூப்பிடு தூரம். வந்தவர்கள் எல்லாம் சிப்பன்டேல் என்ற புகழ்பெற்ற தச்சர் செய்த மேசை நாற்காலிகளைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். 1717இல் ஹாரிசன் செய்த கடிகாரத்தின் முன் நான் தனியாக நிற்க முடிந்தது.

தச்சர் மகன், தச்சர். கடிகாரக்காரரிடம் தொழில் பழகியவர் அல்ல. பித்தளை விலை அதிகம், மரம் கையில் பழகியது. ஓக் சக்கரத்தை வட்டமாக அறுத்துப் பல் வெட்டினால் நார் குறுக்கே ஓடும் இடங்களில் பல் உதிர்ந்துவிடும். அதனால் பற்களைச் சில சிலவாகத் தனித் துண்டுகளில் செதுக்கி, நார் மையத்திலிருந்து வெளியே ஓடும்படி சக்கர விளிம்பில் பதித்தார். எந்தப் பல்லைத் தொட்டாலும் மரம் தன் பலமான திசையில் நிற்கிறது. பின்னால் 1722 வாக்கில் பிராக்கில்ஸ்பி பண்ணையின் குதிரை லாயத்துக்குச் செய்த கோபுரக் கடிகாரத்தில், இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உள்ள லிக்னம் வைட்டே மரத்தை உராயும் இடங்களில் வைத்தார். எண்ணெயே வேண்டாம். அந்தக் காலத்து எண்ணெய் சில வருடத்தில் பிசினாக இறுகிக் கடிகாரத்தை நிறுத்திவிடும். எல்லோரும் நல்ல எண்ணெய் தேடியபோது இவர் எண்ணெயையே தேவையில்லாமல் ஆக்கினார்.

அடுத்த பகை வெயில். இரும்புப் பெண்டுலம் ஒரு டிகிரி சூடேறினால் நாளைக்கு அரை நொடி பின்தங்கும். பித்தளை, இரும்பு இரண்டு கம்பிகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, ஒன்று நீளும்போது மற்றது அதை ஈடுகட்டும்படி செய்தார். கடலுக்கு எடுத்துப்போன கடிகாரங்களின் விதை இதிலெல்லாம் இருக்கிறது. பத்து மைல் வட்டத்துக்குள் ஏழு வருடம் தொழில் பழகியிருந்தால், மரத்தில் சக்கரம் செய்ய அவரை விட்டிருப்பார்களா என்று யோசித்தேன். விட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

சனி, ஏல அரங்கு

பட்டறை அம்மையார் கூட்டிப் போனார். சந்தை ஊர், பழைய கொட்டகை, பீங்கான் தட்டுகளுக்கும் மீன்பிடித் தூண்டில்களுக்கும் நடுவே சுவரோரமாக ஐந்தாறு ஆளுயரக் கடிகாரங்கள். இன்றைய வீடுகளில் கூரையும் தாழ்வு, இடமும் குறைவு, பழுப்பு மரச் சாமான் யாருக்கும் வேண்டாம் என்கிறார்கள். ஓக் பெட்டி, வெள்ளை முகப்பு, மூலைகளில் ஸ்ட்ராபெரி, இரண்டு பொய்ச் சாவித் துவாரம் கொண்ட முப்பது மணி நேரக் கடிகாரம் 200 பவுண்டைக்கூட எட்டாமல் போனது. ஒருவர் அரம் பிடித்து, ஒருவர் வார்த்து, ஒருவர் வரைந்து, ஒருவர் மரம் இழைத்த பொருளுக்கு இந்த விலை என்பது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. ஆனால் வாங்கியவர்களைப் பார்த்ததும் கொஞ்சம் ஆறினேன். இளம் தம்பதி. சேகரிப்பவர்கள் அல்ல. மாடிப்படி ஓரத்தில் நிறுத்தி ஓட்டத்தான் வாங்கினார்களாம்.

காரில் ஏற்ற அம்மையார்தான் நின்று சொல்லிக் கொடுத்தார். முதலில் எடையை எடு. அப்புறம் பெண்டுலத்தைக் கொக்கியிலிருந்து மெதுவாகத் தூக்கி எடு; அதைத் தொங்கவிட்டபடியே கடிகாரத்தைத் தூக்கினால் மேலே இருக்கும் மெல்லிய வில் தகடு ஒடிந்துவிடும். தலைப்பெட்டியை முன்னால் இழு, கழன்று வரும். இயந்திரத்தை அது உட்கார்ந்திருக்கும் பலகையோடு சேர்த்துத் தூக்கு. வீட்டில் நிறுத்திய பிறகு கடிகாரம் நேராக நிற்கிறதா என்று கண்ணால் பார்க்காதே, காதால் கேள். டிக்குக்கும் டாக்குக்கும் இடையே இடைவெளி சமமாக இருக்க வேண்டும். நொண்டினால் பெண்டுலத்தைத் தள்ளும் கம்பியை ஒரு மயிரிழை வளைத்துக் கொடு.

அந்தப் பெண் எல்லாவற்றையும் போனில் எழுதிக்கொண்டாள். கணவன் சங்கிலியைக் கையில் பிடித்து, துரு இருக்கிறதே, எண்ணெய் போடலாமா என்று கேட்டான்.

"சங்கிலிக்கு ஒரு சொட்டுக்கூடக் கூடாது. சக்கரத்தின் முள்ளில் அது வழுக்காமல் பிடிக்க வேண்டும், எண்ணெய் போட்டால் தூசிதான் அப்பும். தினமும் ராத்திரி படுக்கப் போகும் முன் இழுத்துவிடுங்கள். இழுப்பது யார் என்று இன்றைக்கே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்."